ஃப்ளோ பெஞ்ச்: பணம் எதில் போக வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பைக் என்ஜின் ஹெட்டில் (வால்வுகள் இருக்கும் மேல்பகுதி) போர்ட்டிங் செய்தால், அதாவது காற்று போகும் வழியான போர்ட்டைத் தேய்த்துப் பெரிதாக்கினால், இழுவை கூடும் என்று நம்பி இளைஞர்கள் பட்டறைகளில் பணம் கொடுக்கிறார்கள். தேய்த்துப் பெரிதாக்கிய போர்ட்டில் காற்று உண்மையிலேயே கூடுதலாகப் போகிறதா என்பதைச் சொல்வது ஃப்ளோ பெஞ்ச். ஹெட்டைப் பெட்டியின் மேல் பொருத்தி, வால்வைச் சிறிது சிறிதாகத் திறந்து, அழுத்தம் மாறாமல் காற்றை இழுத்து, வினாடிக்கு எத்தனை லிட்டர் போகிறது என்று பார்ப்பதுதான் வேலை. வெளிநாட்டுத் தயாரிப்பு என்றால் லட்சங்களில் விலை. வீட்டிலேயே ஐயாயிரம் ரூபாயில் செய்துவிடலாம் என்று பேச்சு வேறு. அந்தப் பணத்தில் காற்றை இழுக்கும் பெட்டி வரும். அது காட்டும் எண்ணை நம்ப முடியாது.

100 முதல் 150 சிசி வரையுள்ள ஹெட்டுக்கு என்ன செலவு என்பதை எழுதுகிறோம். விலை கடைக்குக் கடை மாறும். வேக்குவம் கிளீனர் மோட்டார், 1,400 வாட், இரண்டு: 3,000 ரூபாய். 18 மிமீ பிளைவுட் ஒரு ஷீட்: 3,000. ஆசாரி கூலி: 2,500. ஆரிஃபிஸ் தட்டுகள் (காற்றை அளக்க உதவும் துளைத் தட்டுகள்) நான்கு, லேத் வேலையோடு: 2,000. ஒயர், எம்சிபி, சுவிட்ச்: 1,500. ஹெட்டைப் பொருத்தும் அடாப்டர்: 1,500. வால்வு எவ்வளவு திறந்தது என்று காட்டும் டயல் கேஜ்: 1,200. சிலிக்கான், வார்னிஷ், கேஸ்கெட்: 1,000. மானோமீட்டர் (அழுத்தத்தை நீர் மட்டத்தால் காட்டும் குழாய்) இரண்டு, நாமே செய்தால்: 600. பைபாஸ் வால்வு (வெளிக்காற்றை உள்ளே விட்டு அழுத்தத்தைக் குறைப்பது): 500. ஏறக்குறைய 17 ஆயிரம். சென்சாரும் திரையும் வேண்டுமென்றால் இன்னும் ஐந்தாறாயிரம் ஆகும். முதல் பெஞ்சுக்கு அது தேவையில்லை.

பிளைவுட்டில் மிச்சம் பிடிக்கிறேன் என்று 12 மிமீ வாங்குகிறவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். சோதனை அழுத்தம் வழக்கமாக 28 அங்குல நீர், அதாவது 711 மிமீ உயர நீரைத் தாங்கும் அளவு அழுத்த வேறுபாடு. கேட்பதற்குச் சின்ன எண். ஆனால் 45 செமீ அகலமும் 90 செமீ உயரமும் உள்ள ஒரு பலகையின் மேல் அது சுமார் 288 கிலோ எடையாக அழுத்துகிறது. மெல்லிய பலகை உள்வாங்கும், மூலைகளில் மூட்டு விடும், காற்று கசியும். 3 மிமீ அளவுக்கு ஒரே ஓட்டை இருந்தாலும் வினாடிக்கு அரை லிட்டர் திருட்டுத்தனமாக உள்ளே வரும். போர்ட்டிங்கில் கிடைக்கும் லாபமே பல நேரம் ஓரிரு லிட்டர்தான். பிளைவுட்டின் வெட்டுமுனை வழியாகவும் காற்று நுழையும் என்பதால் உட்புறம் முழுக்க இரண்டு கோட்டிங் வார்னிஷ் கட்டாயம். ஹெட் வைக்கும் துளையைத் தட்டையான தகட்டால் மூடி, மோட்டாரை ஓட்டி, ஆரிஃபிஸ் மானோமீட்டர் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் பார்க்க வேண்டும்.

ஆரிஃபிஸ் தட்டுதான் இந்தப் பெட்டியின் தராசு: அதன் இரு பக்க அழுத்த வேறுபாட்டை வைத்துத்தான் எவ்வளவு காற்று போகிறது என்று கணக்கிடுகிறோம். 3 மிமீ அலுமினியத் தகட்டில், காற்று நுழையும் பக்கம் விளிம்பு கத்தி போலக் கூராகவும், வெளியேறும் பக்கம் 45 டிகிரி சரிவாகவும் லேத்தில் கடைய வேண்டும். டிரில் போட்டு எமரி தேய்த்த துளை கூடாது. விளிம்பு லேசாக உருண்டாலே கணக்கில் பெருக்கப் போடும் 0.61 என்ற குணகம் பொய்யாகிவிடும். சரியாகக் கடைந்த 40 மிமீ துளையில் 150 மிமீ நீர் வேறுபாடு காட்டினால், நம் ஊர் வெயிலில் வினாடிக்குச் சுமார் 39 லிட்டர் போகிறது என்று பொருள். பெஞ்ச் சரியா என்று பார்க்க, அதே முறையில் கடைந்த 25 மிமீ துளைத் தட்டை ஹெட்டுக்குப் பதில் வையுங்கள். 28 அங்குலத்தில் சுமார் 32 லிட்டர் வர வேண்டும். கூடுதலாக வந்தால் முதலில் கசிவைத் தேடுங்கள்.

மானோமீட்டருக்குக் கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப் போதும். நீரில் ஒரு சொட்டு பாத்திரம் துலக்கும் சோப்பு விட்டால் மட்டம் ஒட்டிக்கொண்டு நிற்காது. யு வடிவக் குழாயில் ஒரு பக்கத்தை மட்டும் படிக்கிறவர்கள் உண்டு. அது தவறு, இரண்டு பக்க மட்டங்களின் வித்தியாசம்தான் அளவு. ஒரு பக்கம் 355 மிமீ இறங்கி மறுபக்கம் 355 மிமீ ஏறினாலே 28 அங்குலம் வந்துவிடும்.

அழுத்தத்தைச் சரிசெய்ய மோட்டார் வேகத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் வேண்டாம், பைபாஸ் வால்வே நல்லது. காற்று ஓடிக்கொண்டிருந்தால்தான் மலிவு மோட்டார் சூடாகாமல் பிழைக்கும். அடைத்தால் பிரஷ் கருகும். ஒரு மோட்டார் 6 ஆம்பியர் இழுக்கும், 16 ஆம்பியர் பிளக்கில் இரண்டுக்கு மேல் கூடாது. புகை வெளியேறும் எக்சாஸ்ட் போர்ட்டுக்காகக் காற்றைத் திருப்பி ஊதும்போது மோட்டாரின் சூடு காற்றோடு வரும். 20 டிகிரி கூடினால் கணக்கு 3 விழுக்காடு பிசகும் என்பதால் பெட்டிக்குள் தெர்மாமீட்டர் இருக்க வேண்டும். காற்று உள்ளே போகும் இன்டேக் போர்ட்டின் வாயில் களிமண்ணால் உருண்ட உதடு வைக்காவிட்டாலும் எண் குறைவாகவே வரும்.

கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும், கல்லூரி அணிகள் தாங்களே செய்த ரேஸ் கார்களோடு வரும் ஃபார்முலா பாரத் போட்டியில் பெட்ரோல் என்ஜினுக்கான காற்று முழுவதும் 20 மிமீ துளை வழியாகத்தான் போக வேண்டும். துளைக்குப் பின் விரியும் கூம்பின் கோணத்தை ஒப்பிட்டுப் பார்க்க இதே பெஞ்ச் உதவும். கல்லூரி அணிகள் பலவும் கணினிக் கணக்கோடு நிறுத்திக்கொள்வது வருத்தமளிக்கிறது. நம் பாலிடெக்னிக்குகளிலும் ஐடிஐகளிலும் லேத் இருக்கிறது, தச்சுப் பிரிவு உள்ள இடங்களும் உண்டு. மாணவர் புராஜெக்டாக இதைச் செய்ய நிர்வாகங்கள் 20 ஆயிரம் ரூபாய் ஒதுக்க வேண்டும். பட்டறைகளில் பணம் கொடுக்கும் வாடிக்கையாளர்களும், போர்ட்டிங்குக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவையும் எத்தனை அங்குல அழுத்தத்தில் எடுத்தது என்பதையும் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். 10 அங்குலத்தில் எடுத்த எண்ணை 28 அங்குல எண்ணோடு ஒப்பிட 1.67ஆல் பெருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இருசக்கர வாகன என்ஜின் வேலை செய்வோர்,
கோயம்புத்தூர்.