சேகருக்கு: ஜெர்ரி ரைஸின் கடைசி நான்கு சீசன்கள்

அன்புள்ள சேகர்,

வீட்டில் எல்லாரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அண்ணி விசாரித்ததாக எழுதியிருந்தாய், சொல்லிவிடு. கோபி வந்து போனான். இன்னும் அதே சட்டைதான். ஊர்ச் செய்தி இவ்வளவுதான்.

இந்தக் கடிதமே, அமெரிக்க ஃபுட்பாலில் பாஸைப் பிடித்து ஓடுகிற ரிசீவரான ஜெர்ரி ரைஸைப் பற்றி உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்த ஒரு வரிக்காகத்தான். "ஜெர்ரி ரைஸ் 2000-லேயே நிறுத்தியிருக்கணும், அப்புறம் ஆடினதெல்லாம் கணக்கு ஏத்தத்தான்." எப்படிடா உனக்கு மனசு வந்தது? சியாட்டிலின் பழைய ரிசீவர் ஸ்டீவ் லார்ஜென்ட் பேரைச் சொன்னாலே கண் கலங்குகிற நீ இப்படி எழுதலாமா?

நீயே கணக்கைப் பேசியதால் முதலில் கணக்கையே பார்த்துவிடுவோம். 2000 சீசனோடு அவன் நின்றிருந்தால் கையில் இருப்பது 1,281 கேட்ச், 19,247 யார்டு (பந்தைப் பிடித்து அணியை முன்னே கொண்டுபோன தூரம்), 176 டச்டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்ப்பது). யார்டில் அப்போதும் முதலிடம்தான். அவனுக்குப் பிறகு வந்த லாரி ஃபிட்ஸ்ஜெரால்டு 17,492-ல் முடித்துவிட்டான். டச்டவுனிலும் ராண்டி மாஸ் 156-ஐத் தாண்டவில்லை. ஆனால் கேட்ச் எண்ணிக்கையில் ஃபிட்ஸ்ஜெரால்டு 1,432, டோனி கோன்சாலஸ் 1,325. இருவருக்கும் பின்னால் ரைஸ் மூன்றாவதாக நின்றிருப்பான். அந்த நான்கு சீசனில் பிடித்த 268 கேட்ச்தான் அவனை 1,549-ல் நிறுத்தி வைத்திருக்கிறது. அதில் 2002-ஐ மட்டும் தனியாக எடுத்துப் பார்: சீசன் நடுவில் நாற்பது வயது முடிகிறது, 92 கேட்ச், 1,211 யார்டு, 7 டச்டவுன், அப்போது அவன் ஆடிய ஓக்லாந்து ரெய்டர்ஸ் அணி சூப்பர் பௌல் இறுதி ஆட்டம் வரை போகிறது. அங்கே 48-21 என்று தோற்றாலும் அவன் 48 யார்டு டச்டவுன் ஒன்று அடித்தான். ஓடி முடிந்த ஆளா இதெல்லாம் செய்கிறான்?

அந்த வயதில் அது எப்படி முடிந்தது என்பதைத்தான் நீ யோசிக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. வேகத்தை நம்பி வாழ்ந்த ரிசீவர் முப்பத்திரண்டு, முப்பத்துமூன்றில் படுத்துவிடுவான். ரைஸிடம் அந்த வேகம் முதல் நாளிலிருந்தே இல்லை. நாற்பது யார்டு ஓட்டத்தில் அவன் நேரம் ஸ்கவுட்டுகளுக்குப் பிடிக்கவில்லை. மிசிசிப்பியில் கொத்தனார் மகன். அப்பாவுக்குச் சித்தாள் வேலை பார்த்து, அண்ணன் தம்பிகள் வீசுகிற செங்கல்லைப் பிடித்துப் பழகிய கை. சிறிய கல்லூரி வேறு. 1985 டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களை எடுக்கிற தேர்வு) அல் டூன், எடி பிரவுன் என்ற இரண்டு ரிசீவர்கள் போன பிறகு பதினாறாவதாகத்தான் அவன் பெயர் வந்தது. அதுவும் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் (49ers) அணியின் கோச் பில் வால்ஷ், நியூ இங்கிலாந்து அணியோடு பேரம் பேசி வரிசையில் மேலே ஏறியதால்.

முதல் சீசனில் பந்தைத் தவறவிட்டுக்கொண்டே இருந்தான், கேண்டில்ஸ்டிக் மைதானத்தில் சொந்த அணி ரசிகர்களே ஏளனமாகக் கூவினார்கள். கையில் கோளாறு இல்லை. வால்ஷின் பிளேபுக் (ஆட்டத் திட்டங்கள் அடங்கிய புத்தகம்) அவ்வளவு தடிமன். அடுத்த அடி எங்கே என்று யோசித்துக்கொண்டே ஓடுகிறவனுக்குப் பந்து கைக்கு வருகிற கணத்தில் கண் அதன் மேல் இருக்காது. பாதிப் பந்துகள் எல்லோருக்கும் நழுவுவது இப்படித்தான்: விரலில் படுவதற்கு முன்பே தலை திரும்பி, எந்தப் பக்கம் ஓடலாம் என்று பார்க்கிறது. பிளேபுக் மண்டையில் இறங்கியதும் அந்த டிசம்பரிலேயே ராம்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 10 கேட்ச், 241 யார்டு. அடுத்த வருஷம் 1,570 யார்டு. அதற்கும் அடுத்த வருஷம் ஸ்டிரைக்கால் பன்னிரண்டே ஆட்டம், 22 டச்டவுன்!

ஸ்லான்ட் என்கிற சாய்வான ஓட்டத்தை மட்டும் எடுத்துக்கொள். உள்பக்கக் கால் முன்னே, வெளிப்பக்கக் கால் பின்னே வைத்து நிற்கிறான். வெளிக்கால், உள்கால், வெளிக்கால் என்று மூன்று அடி. மூன்றாவதை ஊன்றி, மைதானத்தின் நடுப்பக்கமாக நாற்பத்தைந்து டிகிரியில் வெட்டுகிறான். பந்தை வீசுகிற குவார்ட்டர்பேக் மொண்டானாவும் மூன்றே அடி பின்வாங்கி, ரைஸ் திரும்பி முடிக்கும் முன்பே பந்தை விட்டுவிடுவான். நான்காவது அடி வைத்தால் பந்து முதுகுக்குப் பின்னால் போகும். வெட்டாமல் வளைந்து திரும்பினால், ரிசீவரைத் தடுக்க நிற்கிற கார்னர்பேக் உள்ளே புகுந்து பந்தைப் பறித்துக்கொண்டு எதிர்த்திசையில் ஓடுவான். முதல் ஐந்து யார்டுக்குள் கார்னர்பேக் மேலே கைவைக்கலாம் என்பதால், அவன் கையைத் தட்டிவிட்டு, தோளுக்குப் பக்கத்தில் போய், அப்புறமும் அதே மூன்றாவது அடியில்தான் கால் ஊன்ற வேண்டும். இத்தனையும் சரியாக அமைந்தால் பந்து மார்புக்கு முன்னால் வரும், ஓட்டம் குறையாது, ஐந்து யார்டு பாஸ் ஐம்பது யார்டாகும். இதில் நாற்பது யார்டு நேரத்துக்கு எங்கே வேலை?

இன்னொன்றையும் கவனி. எந்த ரூட் (ஓட்டப் பாதை) ஓடினாலும் அவன் கிளம்புவது ஒரே மாதிரி. தலை ஏறி இறங்காது, அடியின் நீளம் மாறாது. பந்து தனக்கு வராது என்று தெரிந்த ஆட்டத்திலும் அதே ஓட்டம். எதிரே நிற்கிற கார்னர்பேக்குக்கு அவன் உடம்பிலிருந்து ஒரு குறிப்பும் கிடைக்காது. இது தசையிலிருந்து வருவது அல்ல, பழக்கத்திலிருந்து வருவது. அதனால்தான் வயது அதைத் தொடவில்லை. பயிற்சியில் சின்ன பாஸைப் பிடித்தாலும் டச்டவுன் கோட்டுக்கு அப்பால் உள்ள எண்ட் ஸோன் வரை ஓடிவிட்டுத்தான் திரும்புவான். சீசன் முடிந்ததும் எட்ஜ்வுட் பூங்காவின் இரண்டரை மைல் மலையேற்றம், ரோஜர் கிரெய்க் துணைக்கு, அப்புறம் எடைப் பயிற்சி. கூட ஓட வந்த இளைஞர்கள் பாதி மலையில் வாந்தி எடுத்தார்கள் என்ற கதை உனக்கும் தெரியும்.

2001-ல் ரெய்டர்ஸுக்குப் போனதும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்த முடிவு அல்ல. அங்கே கோச்சாக இருந்த ஜான் க்ரூடன், ஃபார்ட்டி நைனர்ஸில் வேலை கற்றவர். நடத்தியதும் அதே குடும்பத்து ஆட்டமுறைதான். ரிச் கேனன் நேரம் தவறாமல் வீசுகிற குவார்ட்டர்பேக், மைதானத்தின் மறுபக்கத்தில் இன்னொரு ரிசீவராக டிம் பிரவுன். புதிதாக எதையும் கற்க வேண்டியிருக்கவில்லை, மூன்றாவது அடியில் கால் ஊன்றினால் போதும். வயது ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1986-ல் ஒரு கேட்சுக்கு 18.3 யார்டு சராசரி, 2002-ல் 13.2. நீளப் பந்துகள் குறைந்தன. அதைப் புரிந்துகொண்டு, மூன்றாவது டவுனில் (பத்து யார்டு எடுக்கக் கிடைக்கிற நான்கு முயற்சிகளில் மூன்றாவது) ஏழு யார்டு தேவையென்றால் எட்டாவது யார்டில் நின்று பிடிக்கிறவனாக மாறினான். எத்தனை நட்சத்திரங்களுக்கு அப்படி இறங்கி வர மனசு வரும்?

அவன் செய்த தப்பு எது என்று கேட்டால் நான் 1997-ஐத்தான் சொல்வேன். முதல் ஆட்டத்திலேயே டாம்பாவில் எதிரணியின் வாரன் சாப் பிடித்து இழுத்ததில் இடது முழங்காலில் இரண்டு தசைநார் அறுந்தது. டிசம்பர் 15 அன்று மொண்டானாவின் 16-ஆம் எண்ணுக்கு, இனி அணியில் யாரும் அதைப் போடக்கூடாது என்று, ஓய்வு கொடுக்கிற இரவு. அந்த ஆட்டத்தில் இருக்கவேண்டும் என்று பதினைந்தே வாரத்தில் திரும்பி வந்துவிட்டான். சரிசெய்த முன் தசைநார் உடம்போடு நன்றாகச் சேர்வதற்கு ஒன்பது மாதமாவது வேண்டும் என்றுதான் இப்போது விளையாட்டு மருத்துவர்கள் சொல்கிறார்கள். டச்டவுன் பிடித்தான், விழுந்தான், முட்டிச்சில்லில் விரிசல் விழுந்தது. அன்றோடு எல்லாம் முடிந்திருக்க வேண்டியது. முப்பத்தைந்து வயதில், அந்தக் காலோடு... அதற்குப் பிறகு அவன் ஆடிய ஏழு சீசனை நினைத்தால் எனக்குப் பேச்சு வரவில்லை, சேகர்.

சரி, உன் உண்மையான கோபத்துக்கு வருகிறேன். 2004-ல் சியாட்டிலுக்கு வந்து, ஓய்வு கொடுத்த லார்ஜென்ட்டின் 80-ஐ அவன் போட்டுக்கொண்டதைத்தானே நீ மன்னிக்கவில்லை? லார்ஜென்ட் சம்மதித்தார் என்பது உண்மை. இருந்தாலும் இதில் நான் உன் பக்கம். ஒரு ஊர் எடுத்துப் பத்திரப்படுத்திய எண்ணை, வந்துபோகிற விருந்தாளி தொட்டிருக்கக்கூடாது. லார்ஜென்ட்டின் 100 டச்டவுன் சாதனையை 1992-ல் உடைத்தவனே அவர் சட்டையையும் போடுவது எனக்கும் உறுத்தியது. அந்தக் கோபத்தை ஆட்டத்தின் மேல் காட்டாதே என்றுதான் கேட்கிறேன். அந்த டிசம்பர் 6, திங்கள் இரவு டாலஸுக்கு எதிராக 8 கேட்ச், 145 யார்டு, ஒரு டச்டவுன். வயது நாற்பத்திரண்டு. சியாட்டில் 43-39 என்று தோற்றதால் நீ அதை நினைவில் வைக்கவில்லை.

உன் லார்ஜென்ட்டையே எடுத்துக்கொள். அவரையும் மெதுவான ஆள் என்றுதானே ஹூஸ்டன் 1976-ல் எட்டாவது சுற்றுத் தேர்வு ஒன்றுக்குக் கைகழுவியது? 13,089 யார்டு எடுத்தது இதே வித்தையால்தான். ரைஸைக் குறை சொல்ல உலகத்தில் எவனுக்கு உரிமை இருந்தாலும் லார்ஜென்ட் ரசிகனுக்கு இல்லை.

2005-ல் டென்வர் முகாமுக்குப் போனான், முதல் மூன்று ரிசீவரில் இடமில்லை என்று தெரிந்ததும் சீசன் தொடங்கும் முன்பே விலகிவிட்டான். 2006-ல் ஃபார்ட்டி நைனர்ஸ் ஒருநாள் ஒப்பந்தம் போட்டுக் கௌரவித்தது. அதில் எழுதிய தொகை 1,985,806.49 டாலர்: வந்த வருஷம் 85, சட்டை எண் 80, ஓய்வு 06, அணி 49. பணம் எதுவும் கைமாறவில்லை.

டாலஸ் ஆட்டத்தை முழுசாகப் பார்த்துவிட்டு எழுது. அவன் கையைப் பார்க்காதே, மூன்றாவது அடியைப் பார். அதற்குப் பிறகும் அந்த வரியை நீ மாற்றவில்லையென்றால் பொங்கலுக்கு வரும்போது நேரில் சண்டை போடுகிறேன். சின்னவள் பரீட்சை எப்படி எழுதினாள் என்று சொல்லவே இல்லையே. அண்ணிக்கு என் வணக்கம்.

அன்புடன்,
முரளி