நீ போட்டிருந்த கோட்டு பற்றி நான் கேட்கவில்லை

அன்பு மகள் மதிக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி பழையபடிதான், மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். சுதாவுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. வேறு விசேஷம் இல்லை. போன் செய்தால் "சரிப்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது பார், அதனால் எழுதுகிறேன்.

சுதா உன் படம் ஒன்றைக் காட்டினாள். ஏதோ ஏரிக்கரையில் கல்யாணம், உன் கஸ்டமர் அம்மாள் வீட்டு விசேஷமாம். எங்களுக்கு நீ அனுப்பவில்லை. பரவாயில்லை. இளைத்திருக்கிறாய் என்று அம்மா சொன்னாள். நான் நீ போட்டிருந்த கோட்டுத் துணியைப் பார்த்தேன்.

அந்தக் கோட்டைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. தையல்காரன் கண்ணில் துணிதான் முதலில் படும், பட்டது, அவ்வளவுதான். நீ கையைத் தூக்கி யாருக்கோ டாட்டா காட்டுகிறாய், அப்போதும் காலர் கழுத்தை விட்டு விலகவில்லை. தோளில் ஒரு சுருக்கம் இல்லை. உனக்கு இடது தோள் கொஞ்சம் இறக்கம், மாடிப்படியில் விழுந்ததிலிருந்து. நான் உனக்குத் தைத்த ஒவ்வொரு சட்டையிலும் அந்தப் பக்கம் ஒரு நூல் ஏற்றி வைத்திருக்கிறேன். இந்தக் கோட்டிலும் யாரோ ஏற்றியிருக்கிறார்கள். உன் உடம்பில் டேப் வைத்து அளந்தவர் யாரோ.

ரெடிமேடில் இது வராது, எத்தனை ஆயிரம் யூரோ கொடுத்தாலும். உங்கள் கம்பெனி ஷோவில் மாடல் போட்ட சாம்பிளும் இல்லை. அது மாடல் உயரத்துக்கு வெட்டியதாக இருக்கும், உனக்குக் கணுக்கால் வரை தொங்கும். கஸ்டமர் யாராவது பழசைக் கொடுத்தாரோ என்று நினைத்தேன். பழசு அப்படி உட்காராது.

நீ பாரிஸுக்குப் போன புதிதில், தையற்கூடத்தில் இருந்தபோது எழுதிய கடிதங்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. நல்ல துணியில் கத்தரி வைப்பதற்கு முன்னால் வெள்ளைக் காடாத் துணியில் ஒரு முழு உடை தைப்பார்கள், அதை உடம்பில் போட்டுப் பார்த்துப் பின் குத்தி, பிரித்து, அதன்படிதான் வெட்டுவார்கள் என்று எழுதியிருந்தாய். கஸ்டமர் இரண்டு மூன்று முறை வந்து நிற்க வேண்டும். அடிக்கடி வர முடியாத பெரிய மனுஷிகளுக்கு அவர்கள் அளவுக்கே பஞ்சு சுற்றிய பொம்மை ஒன்று பெயரோடு நிற்கும். அந்த அம்மாள் பெருத்தால் பொம்மைக்கும் இன்னொரு சுற்று பஞ்சு! அதைப் படித்துவிட்டு அம்மா சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. உள்ளே தாராளமாகத் துணி விட்டுத் தைக்கிறார்கள், பல வருடம் கழித்தும் பிரித்துவிடலாம் என்றும் எழுதியிருந்தாய். நாமும் அதைத்தானே செய்கிறோம் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஓட் கூத்யூர், அதாவது ஆளுக்கு ஆள் அளவெடுத்துக் கையால் தைக்கும் உயர்ந்த உடை, அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ள முடியாது, 1945-லிருந்து பிரான்ஸில் அதற்குச் சட்டம் இருக்கிறது, பாரிஸில் சொந்தத் தையற்கூடமும் முழுநேர ஆட்களும் வேண்டும், வருடத்துக்கு இரண்டு முறை புதுத் தொகுப்பு காட்ட வேண்டும், அப்படிப்பட்ட இடத்தில் என் மகள் ஊசி பிடிக்கிறாள் என்று. வந்தவர்களுக்கு டீ ஆறிப்போகும் வரை சொன்னேன்.

அப்புறம் உன்னை மாடித் தையற்கூடத்திலிருந்து கீழே, கஸ்டமர்களை உட்காரவைத்து உடை காட்டும் சலோனுக்கு மாற்றினார்கள். சம்பளம் கூட, சந்தோஷம்தான். அதிலிருந்து கடிதம் நின்றுவிட்டது. கேட்டால் "கஸ்டமர் விஷயம் வெளியே சொல்லக்கூடாதுப்பா" என்கிறாய். கஸ்டமர் விஷயம் எனக்கு எதற்கு? உன் விஷயம் சொல்லலாமே.

அந்த வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. உலகம் முழுக்கத் தேடினாலும் இந்த உடைகளை வாங்குகிறவர்கள் சில ஆயிரம் பேர்தான் என்கிறார்கள். ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள், ஒரே விருந்துக்குப் போகிறவர்கள். இரண்டு பேர் ஒரே உடையில் ஒரே இடத்தில் போய் நின்றுவிடாமல் பார்ப்பது உன் பொறுப்பு. யாருக்கு எந்த நிறம், யார் வீட்டில் என்ன விசேஷம், யார் யாரோடு பேசுவதில்லை, எல்லாம் மனப்பாடம். கெட்டிக்காரத்தனம் இல்லாமல் அதைச் செய்ய முடியாது. ஆனால் மதி, அவர்களோடு நிற்கிறோம் என்பதும் அவர்களில் ஒருத்தி என்பதும் வேறு. சேகர் மாமா கதை உனக்குத் தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை.

வொர்த் கதையை நீதான் எனக்குச் சொன்னாய். 1858-ல் பாரிஸில் ரூ த லா பே தெருவில் கடை திறந்த இங்கிலாந்துக்காரர். அவருடைய மனைவி படங்களை எடுத்துக்கொண்டு ஆஸ்திரியத் தூதர் மனைவி பாலின் மெட்டர்னிக் வீட்டுக்குப் போனார். அந்த அம்மாள் கெட்டிக்காரி, ஒரு உடை 300 பிராங்குக்கு மேல் போகக்கூடாது என்று கறாராகப் பேசி இரண்டு தைக்கச் சொன்னார். துய்லரி அரண்மனை விருந்தில் அதைப் பார்த்த பிரான்ஸின் யூஜினி பேரரசி, யார் தைத்தது என்று கேட்டு, மறுநாளே வொர்த்தை வரவழைத்துவிட்டார். வொர்த் எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் 300 பிராங்க் உடை என் கண்ணில் படவேயில்லை என்று மெட்டர்னிக் அம்மாளே பிற்பாடு புலம்பியிருக்கிறார். தூதர் வீட்டுப் பெண்ணுக்கே அந்த நிலைமை. நீ அன்று இதைச் சிரிப்புக் கதையாகச் சொன்னாய். நான் இப்போது பில்லை மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பிரபலமான பெண்களுக்குச் சலுகை விலையில் உடை கொடுத்து, நாலு பேர் பார்க்கும் இடத்துக்குப் போட்டுக்கொண்டு போகச் சொல்வது அங்கே பழைய வழக்கம்தான். உனக்கும் அப்படி ஏதாவது கொடுத்திருந்தால் சரி, அது தொழில். ஆனால் அது பெரிய குடும்பத்துப் பெண்களுக்குக் கொடுப்பது. சலோனில் நிற்கும் பெண்ணுக்குக் கொடுப்பார்களா? கொடுப்பார்கள் என்றால் எழுது, நான் நிம்மதியாக இருப்பேன்.

2023-ல் மௌனா அயூப் என்ற பணக்கார அம்மாள் தன்னுடைய ஷனெல் கம்பெனி உடைகளைப் பாரிஸில் ஏலம் விட்ட செய்தியைப் படித்தேன். லெசாஜ் என்ற எம்பிராய்டரிக் கூடத்தில் வேலைப்பாடு போட்ட ஒரு கோட்டு, சீன அரக்குத் திரைகளின் சித்திரத்தை அப்படியே துணியில் இறக்கியது, அது மட்டும் 3 லட்சத்துச் சொச்சம் யூரோவுக்குப் போனது. அவர்களால் வாங்கவும் முடியும், அலுத்தால் விற்கவும் முடியும். அவர் போட்டது என்பதற்கே ஒரு விலை. இடது தோள் இறங்கிய பெண்ணுக்கு வெட்டிய கோட்டை யார் வாங்குவார்? போட்டவள்தான் கடைசி வரை போட வேண்டும். தவணையும் அதுபோலத்தான். நான் தவணையைப் பற்றிப் பேச வரவில்லை. பொதுவாகச் சொன்னேன்.

அந்த உடைக் கம்பெனிகளுக்கே இந்த உடைகளால் பெரிய லாபம் கிடையாது. சென்ட் பாட்டிலிலும் லிப்ஸ்டிக்கிலும் கைப்பையிலும்தான் காசு பார்க்கிறார்கள், உடை பெயருக்கு. முதலாளியே பெயருக்குச் செய்யும் ஒன்றை சம்பளக்காரி கைக்காசு போட்டு வாங்கக்கூடாது. யாராவது வாங்கிக் கொடுத்தாலும், வாங்கிக் கொடுத்தவர் யார், ஏன் என்று... சரி, விடு. நீ விவரமானவள்.

இன்னொன்று தோன்றியது. ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தபோது தோன்றியது. நீயே தைத்திருப்பாயோ? உன் இடது தோளைப் பற்றி உன்னை விட யாருக்குத் தெரியும்? மிச்சத் துணி கிடைத்திருக்கலாம், மாடியில் இருக்கும் பழைய சிநேகிதிகள் பின் குத்தி உதவியிருக்கலாம். அப்படியிருந்தால் நான் இதுவரை எழுதியதை எல்லாம் கிழித்துப் போட்டுவிடு. எனக்குப் பதில்கூட எழுத வேண்டாம். கோட்டை உள்பக்கமாகத் திருப்பி, அக்குள் தையலையும் ஒரு காஜாவையும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பு. நீ கை காஜா போட்டால் மூலைக்கு வரும்போது முடிச்சு கொஞ்சம் நெருங்கும், எத்தனை திட்டியும் அதை நீ மாற்றிக்கொள்ளவில்லை. நான் கண்டுபிடித்துவிடுவேன்.

அம்மாவிடம் கோட்டு விஷயம் எதுவும் சொல்லவில்லை. நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். நன்றாகத்தான் இருந்தது மதி, அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். அந்தக் கல்யாணக் கூட்டத்தில் உன் தோள் மாதிரி ஒரு தோள் இல்லை. பின்னால் நிற்கிற வெள்ளை உடுப்பு அம்மாளுக்குக் கைக்குழி இழுக்கிறது, பார்த்தாயா? எவ்வளவு கொடுத்தாரோ பாவம்.

நேரத்துக்குச் சாப்பிடு. கடனுக்கு எதையும் வாங்காதே, முன்னாலேயே சொல்லியிருக்கிறேன், இப்போதும் சொல்கிறேன். கண்ணாடி பவர் மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அம்மா முட்டிக்குப் பயிற்சி எடுக்கப் போவாள், வர ஒரு மணி நேரமாவது ஆகும். அந்த நேரத்தில் போன் செய். நானாக எதுவும் கேட்கமாட்டேன். பேங்கில் உன் பெயரையும் சேர்த்துப் போட்ட டெபாசிட் அடுத்த மாதம் முடிகிறது. எனக்கும் அம்மாவுக்கும் அதில் இப்போது அவசரச் செலவு ஒன்றும் இல்லை. என்ன செய்யலாம் என்று நீதான் சொல்ல வேண்டும்.

அப்பா