பெயர்ப்பலகை மாட்ட முடியாத ஒரு வேலைக்குக் காசு கேட்கிறேன்

வெளிநாடுகளில் இயங்கும் திருகோணமலை நலன்புரிச் சங்கங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும்,

அன்பான அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம்.

வெளிநாட்டு வேலைக்குப் போய் அகப்பட்டவர்களை மீட்க உதவுவதுதான் எங்கள் வேலை. போன மாதம் மூதூரிலிருந்து ஒரு தாய் எங்களிடம் வந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் மகளின் கடவுச்சீட்டுப் பிரதியும் முகவர் எழுதிக் கொடுத்த ஒரு துண்டும். மகள் ரியாத்தில் வீட்டு வேலை செய்கிறாள், ஏழு மாதமாகச் சம்பளம் இல்லை. ஃபோனில் இமோ செயலியைத் திறந்து, மகள் கடைசியாக அனுப்பிய குரலைப் போட்டுக் காட்டினார். பதினொரு விநாடி. "உம்மா, நான் பிறகு எடுக்கிறேன்" என்பதோடு நிற்கிறது. மூன்று வாரமாக அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அந்தப் பதினொரு விநாடியை எங்கள் முன்னால் நான்கு தடவை போட்டார்.

இந்தப் பிள்ளையைக் கூட்டிவர என்ன வேண்டும்? கபீல், அதாவது அவளை வேலைக்கு எடுத்த முதலாளி, யார், வீடு எங்கே என்று தேடிப் பிடிக்க அங்கேயே அரபு பேசும் ஒருவர் வேண்டும். 'ஓடிப்போய்விட்டாள்' என்று அந்தக் கபீல் முறைப்பாடு கொடுத்திருந்தால் வழக்கறிஞரும் வேண்டும். 2021இல் சவூதி, தொழிலாளர் வேலை மாறுவதற்கான விதிகளைத் தளர்த்தியபோது வீட்டுப் பணிப்பெண்களை அதில் சேர்க்கவில்லை. இங்கே கொழும்பில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம், வெளிவிவகார அமைச்சு என்று ஏறி இறங்க இன்னொருவர். கூலி வேலை செய்யும் அந்தத் தாய் எத்தனை தடவைதான் இரவு பஸ் ஏறுவார்?

ரிசானா நபீக்கை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவரும் மூதூர்ப் பிள்ளைதான். 1988இல் பிறந்தவருக்குக் கடவுச்சீட்டில் 1982 என்று போட்டு, 2005இல் 17 வயதில் சவூதிக்கு வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள். அவர் பொறுப்பில் இருந்த குழந்தை இறந்த வழக்கில் 2007 ஜூனில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டுக்கு வழக்கறிஞர் வைக்க பலரிடமும் பணம் கேட்டது, ஹொங்கொங்கில் இயங்கும் ஆசிய மனித உரிமைகள் ஆணைக்குழு. எந்த அரசின் கீழும் இல்லாத அமைப்பு. அவரைக் காப்பாற்ற முடியவில்லை. 2013 ஜனவரி 9 அன்று தண்டனையை நிறைவேற்றிவிட்டார்கள். ஆனாலும் அந்தப் பிள்ளைக்காக ஒருவர் நீதிமன்றத்தில் எழுந்து நின்றார் என்றால், முகம் தெரியாத ஆட்கள் கொடுத்த காசுதான் காரணம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

2022இல் மட்டும் இலங்கையிலிருந்து 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்குப் போனார்கள். விசிட் விசாவில் போய் ஓமானில் அகப்பட்ட பெண்களின் கதை வெளிவந்ததும் அதே வருடம்தான். அப்படிப் பதியாமல் போனவர்களுக்குப் பணியகத்தின் காப்புறுதியும் கிடையாது. 2025இல் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியதும் இங்கே பல தொண்டு நிறுவனங்களின் திட்டங்கள் நடுவழியில் நின்றுபோயின. ஒரே கையை நம்பியிருந்தால் இதுதான் நடக்கும். அரசுக் காசில் ஓடும் அமைப்பு தூதரகத்தைக் கேள்வி கேட்கத் தயங்கும். முகவர்களின் நன்கொடையில் ஓடும் அமைப்பு முகவரைப் பற்றி வாயே திறக்காது. பல ஊர்களிலிருந்து பலர் கொடுக்கும் சிறு சிறு தொகையில் நடக்கிற அமைப்புத்தான் யாரிடமும் துணிந்து பேசும். அதனால்தான் உங்களிடம் வருகிறேன்.

நீங்கள் செய்ததையெல்லாம் நான் அறிவேன். வகுப்பறை, கோயில் மண்டபம், சுனாமிக்குப் பிறகு கட்டித் தந்த வீடுகள். எல்லாம் கண்முன்னே நிற்கின்றன. ஆனால் ஒரு சங்கத்திடம் நாங்கள் ஃபோன் கட்டணத்துக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளரின் சம்பளத்துக்கும் கேட்டபோது தையல் மெஷின்தான் வந்தது. கையளிக்கும் படமும் கேட்டார்கள். மீண்டு வந்த பெண்ணின் முகம் முகநூலில் வந்தால் அவள் ஊருக்குள் எப்படி நடமாடுவாள், சொல்லுங்கள்.

ஆகவே கட்டடத்துக்கு ஒதுக்கும் காசில் ஒரு பங்கை, எல்லை தாண்டி இந்த வேலை செய்யும் சுயாதீன அமைப்புகளுக்கு மூன்று வருடத்துக்கு உறுதி சொல்லிக் கொடுங்கள். சம்பளம், ஃபோன், பஸ் காசு, வழக்குச் செலவு எல்லாவற்றுக்கும். பதிவையும் கணக்காய்வு செய்த கணக்கறிக்கையையும் ஒவ்வொரு வருடமும் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. படம் மட்டும் கேட்காதீர்கள்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிடம் தாருங்கள், ஸூமில் வருகிறேன். இங்கே நடுச்சாமமாக இருந்தாலும் சரி.

அன்புடன்,
திருமலையிலிருந்து உங்கள் தங்கை