முரளிக்கு, கஷ்டமான ஆட்டங்களைப் பற்றி

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. பெர்த்தில் குளிர் ஆரம்பித்துவிட்டதா? அம்மா நன்றாக இருக்கிறார். முட்டி வலித்தாலும் தேக்கா சந்தைக்குத் தானே போய் மீன் பார்த்து வாங்கினால்தான் அவருக்கு நிம்மதி. பெரியவளுக்கு இந்த வருடம் பிஎஸ்எல்இ, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. அதனால் வீட்டில் கேம் எல்லாம் சனி, ஞாயிறு மட்டும்தான், எனக்கும் சேர்த்து.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வீடியோ கேமில் ஈசி மோட், அதாவது எளிதாக ஆடும் வசதி, வைப்பது ஆட்டத்துக்கே அவமானம், அந்தக் காலத்தில் நமக்கு யார் சலுகை கொடுத்தார்கள் என்று எழுதியிருந்தாய். கொடுத்தார்களடா! 'கான்ட்ரா' ஆட்டத்தில் மேல் மேல் கீழ் கீழ் என்று வரிசையாக அழுத்தி 30 உயிர் வாங்கியது யார்? அந்த வரிசை பிறந்த கதையே உனக்கு எதிரான சாட்சி. 1986இல் கொனாமி நிறுவனத்தின் 'கிரேடியஸ்' ஆட்டத்தை வீட்டுப் பெட்டிக்கு மாற்றும் வேலை கசுஹிசா ஹாஷிமோட்டோவிடம் இருந்தது. சோதித்துப் பார்க்கும் அளவுக்குக்கூட அவரால் அதை ஆட முடியவில்லை. தனக்காக ஒரு குறுக்குவழி வைத்துக்கொண்டார், அது ஆட்டத்தோடு வெளியேயும் வந்துவிட்டது. செய்தவருக்கே ஈசி மோட் தேவைப்பட்டிருக்கிறது!

பழைய ஆட்டங்களின் கடினத்தை ஏதோ பெரிய கலைக் கொள்கைபோல நீ பேசுவதும் எனக்கு ஒப்பவில்லை. காசு போட்டு ஆடும் ஆர்கேடில் நாம் சீக்கிரம் செத்தால்தான் அடுத்த காசு விழும், அதுதான் கணக்கு. இன்றைக்கு மொபைல் ஆட்டங்கள் ஒரு கட்டத்தில் சுவர் எழுப்பி, தாண்டப் பணம் கேட்பதும் அதே வியாபாரம்தான். சில கடினம் தற்செயலாகவும் வந்தது. 1978இல் வந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸில்' எதிரிகள் குறையக் குறைய மீதிப் பேர் வேகமாக வருவார்களே, அது திட்டமிட்டதல்ல. திரையில் வரைய வேண்டியவை குறைந்ததும் அந்தக் காலத்துச் சில்லுக்குச் சுமை குறைந்தது, வேகம் கூடியது. உருவாக்கிய நிஷிகாடோ, நன்றாகத்தானே இருக்கிறது என்று அப்படியே விட்டுவிட்டார். நல்ல முடிவு.

ஆட்டம் கஷ்டமாக இருப்பதில் எனக்குச் சண்டையே இல்லை. தோற்றவனுக்குக் கொடுக்கும் தண்டனையில்தான் சண்டை. ஒரு பாஸிடம், அதாவது வழிமறிக்கும் பெரிய எதிரியிடம், தோற்றால், எங்கே சறுக்கினோம் என்பது கைக்கு நினைவிருக்கும்போதே மறுபடி மோத விட வேண்டும். 'டார்க் சோல்ஸ்' பல இடங்களில் அப்படி விடாது. தெரிந்த பாதையில் தெரிந்த எதிரிகளைத் தாண்டி மறுபடி ஓடிவர வேண்டும். அதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? அதை உருவாக்கிய மியாசாகியின் குழுவே 2022இல் 'எல்டன் ரிங்' செய்தபோது, பல பாஸ்களுக்குப் பக்கத்திலேயே மரிகா கம்பங்களை நட்டது. செத்தால் அங்கேயே எழுந்திருக்கலாம். பாஸ் ஒரு துளிகூட இளகவில்லை, நம் நேரம்தான் மிச்சம். 'செலஸ்ட்' இன்னும் ஒரு படி மேல், செத்த கணமே அதே திரையில் நிற்கிறோம். நீ தலையில் தூக்கி வைத்து ஆடும் 'சில்க்சாங்' இந்த இடத்தில்தான் எனக்குக் கசக்கிறது. அதைச் செய்தவர்களே, 2025 செப்டம்பரில் ஆட்டம் வெளியான சில நாட்களில், தொடக்கத்தில் வரும் இரண்டு பாஸ்களைச் சற்றுத் தளர்த்தினார்கள். குடி ஒன்றும் முழுகிப் போய்விடவில்லை.

செல்வா அண்ணனை நினைவிருக்கிறதா? கான்ட்ராவில் நம்மை ஓட ஓட விரட்டியவர். பக்கவாதத்துக்குப் பிறகு வலது கைவிரல்கள் சொன்ன நேரத்துக்கு அசைவதில்லை. இப்போது ஈசூன் வீட்டில் உட்கார்ந்து 'செலஸ்ட்' ஆடுகிறார். அதில் உதவி முறை என்று ஒன்று இருக்கிறது. வேகத்தைப் பத்துப் பத்தாகக் குறைத்து 50 விழுக்காடு வரை கொண்டுபோகலாம். அவர் 70இல் வைத்திருக்கிறார். ஒரே திரையில் செத்துச் செத்து, திட்டிக்கொண்டே, விடாமல் ஆடுகிறார். உனக்கு 100இல் கிடைக்கிற அதே கஷ்டம் அவருக்கு 70இல் கிடைக்கிறது. இதில் உனக்கு என்ன குறைந்துவிட்டது, சொல்? வேகம் உன் பெட்டியில் மாறவில்லையே.

ஒன்றில் மட்டும் உன் பக்கம் சாய்கிறேன். 'ரெசிடென்ட் ஈவில் 4' மாதிரி, நாம் தடுமாறுவதைப் பார்த்துச் சொல்லாமல் கொள்ளாமல் எதிரிகளை இளக்குவது எனக்கும் பிடிக்காது. குறைப்பதென்றால் என்னைக் கேட்டுக் குறை. ஜெயித்தது நானா, அதுவா என்று தெரிய வேண்டாமா?

தீபாவளிக்கு வருவதாகச் சொன்னாயே, டிக்கெட் போட்டுவிட்டாயா? தேதி தெரிந்தால் விடுப்புக்குச் சொல்லி வைக்கிறேன். செல்வா அண்ணனிடம் உன் கட்சியை அப்படியே சொல்லிவிட்டேன். நேரில் வரட்டும், பேசிக்கொள்கிறேன் என்றார்.

அன்புடன்,
குமார்