ஒரு மதிப்பெண் குறித்து ஆறாம் வகுப்புப் பெற்றோர்களுக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பிவிட்டார்கள். கட்டணம், சீருடை பற்றியெல்லாம் தனித் தாளில் கொடுத்திருக்கிறோம். இந்தக் கடிதம் ஒரே ஒரு மதிப்பெண்ணைப் பற்றியது.

மார்கழியில் நாங்கள் வைத்த வகுப்புத் தேர்வில் "பருப்பொருளின் நிலைகள் மூன்று. சரியா, தவறா?" என்று ஒரு கேள்வி இருந்தது. ஒரு மாணவி "தவறு" என்று எழுதியிருந்தாள். விடைக்குறிப்பில் "சரி" என்று இருந்ததால் அவளுக்கு மதிப்பெண் கிடைக்கவில்லை. அந்த விடைக்குறிப்பை எழுதியவன் நான்.

விடைத்தாளை எடுத்துக்கொண்டு அவளுடைய அப்பா பள்ளிக்கு வந்தார். வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். "நான் சொல்லிக் குடுக்கல ஸார். கறுப்புக் கண்ணாடி வழியா வெல்டிங் வெளிச்சத்தப் பாத்துட்டு, இது திடமா, திரவமா, வாயுவான்னு கேட்டா. எனக்குச் சொல்லத் தெரியல. நீங்க சொல்லுங்க" என்றார். கோபமே இல்லாமல்தான் கேட்டார். அன்று இரவு முழுக்க எனக்கு அதே நினைப்புதான்.

அந்த வெளிச்சம் மூன்றிலும் சேராது. வெல்டிங் ராடுக்கும் இரும்புக்கும் நடுவே இருக்கிற வாயு கடுமையாகச் சூடேறும்போது, அதன் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்ந்து தனியே ஓடுகின்றன. அதன்பிறகு அது சாதாரண வாயுவாக நடந்துகொள்வதில்லை. மின்சாரம் அதன் வழியே பாயும், காந்தம் அதை வளைக்கும். இதற்குப் பிளாஸ்மா என்று பெயர். ஐப்பசி மழையில் மேற்கே மலைப்பக்கம் வெட்டுகிற மின்னலும், எரிகிற ட்யூப்லைட்டின் உள்ளே இருப்பதும் பிளாஸ்மாதான். சூரியனும் அப்படியே.

பொங்கல் பானையை வைத்துக்கொண்டு எண்ணினால் அரிசி, பால், ஆவி என்று மூன்றோடு கணக்கு முடிந்துவிடும். அண்ணாந்து பார்த்தால் கணக்கு தலைகீழாகிறது. விண்மீன்கள் எல்லாம் பிளாஸ்மா. அவற்றில் இருப்பதைவிட அதிகமான பொருள், நம் பால்வீதியைப் போன்ற விண்மீன் திரள்களுக்கு இடையே மிக மிக மெல்லிய, சூடான பிளாஸ்மாவாகப் பரவிக் கிடக்கிறது. நமக்குத் தெரிந்த பருப்பொருளில் மிகப் பெரும்பகுதி இந்த நான்காவது நிலையில்தான் இருக்கிறது. திடமும் திரவமும் பூமியைப் போன்ற குளிர்ந்த மூலைகளில் மட்டும் கிடைக்கிற அபூர்வங்கள். ஐந்தாவதாக ஒன்றும் உண்டு, போஸ்-ஐன்ஸ்டைன் செறிவு என்று பெயர். நம் நாட்டு இயற்பியலாளர் சத்தியேந்திரநாத் போஸ் 1924-இல் ஐன்ஸ்டைனுக்கு அனுப்பிய கட்டுரையிலிருந்து பிறந்த கருத்து அது. 1995-இல் அமெரிக்காவில் ருபிடியம் என்ற உலோகத்தின் அணுக்களை, அதற்குக் கீழே போகவே முடியாத குளிருக்குக் கிட்டத்தட்டக் கொண்டுபோய் அதை உண்டாக்கிக் காட்டினார்கள். ஆகவே அந்தப் பிள்ளை எழுதியதுதான் சரி. அவளுக்கும், அவளைப் போல எழுதிய இன்னும் இரண்டு பேருக்கும் மதிப்பெண் சேர்த்தாகிவிட்டது.

இதோடு கடிதத்தை முடித்திருக்கலாம். ஆனால் சிசிலியா பெய்ன் என்ற பெண்ணைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். விண்மீன்கள் எதனால் ஆனவை? நூறு ஆண்டுகளுக்கு முன் பெரியவர்கள் எல்லாரும், பூமியில் உள்ள அதே இரும்பும் மற்றவையும் ஏறக்குறைய அதே அளவில் அங்கேயும் இருக்கும் என்று நம்பினார்கள். நம் நாட்டு இயற்பியலாளர் மேகநாத் சாகா 1920-இல் ஒரு சமன்பாட்டைக் கொடுத்தார். விண்மீன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் தெரியும் கறுப்புக் கோடுகள் அதன் வெப்பத்தைப் பொறுத்து எப்படி மாறும் என்பதை அது சொல்லும். அதை வைத்துக் கணக்குப் போட்ட பெய்ன், விண்மீன்களில் பெரும்பகுதி ஹைட்ரஜனும் ஹீலியமும்தான் என்று 1925-இல் கண்டுபிடித்தார். அப்போது அவருக்கு வயது 25. அந்தக் காலத்தின் பெரிய வானியலாளர் ரஸல் இது நடக்கவே முடியாது என்றார். வேறு வழியில்லாமல், இந்த முடிவு அநேகமாக உண்மையாக இருக்காது என்று தன் ஆய்வேட்டிலேயே பெய்ன் எழுதினார். நான்கு வருடம் கழித்து ரஸல் வேறு வழியில் அதே முடிவுக்கு வந்து சேர்ந்தார். சரியான விடையை எழுதிய பிள்ளையையே அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு மாற்றி எழுத வைத்ததுபோல் இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கும். அதையே நானும் ஒரு சிறுமிக்குச் செய்துவிட்டேன்.

சாதாரணப் பருப்பொருளில் எடைக்கணக்கில் முக்கால் பங்கு ஹைட்ரஜன், ஏறத்தாழ கால் பங்கு ஹீலியம். மற்றதெல்லாம் சேர்ந்து நூற்றுக்கு ஒன்றிரண்டு. இந்த ஹைட்ரஜன் நமக்கு அந்நியமில்லை. மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதிக்கிற கிரையோஜெனிக் ராக்கெட் எஞ்சினுக்கு அதைத்தான் மைனஸ் 253 டிகிரிக்குக் குளிரவைத்துத் திரவமாக ஊற்றுகிறார்கள். ஆக்சிஜனோடு எரிந்து வெளியே வருவது நீராவி. நம் தாமிரபரணித் தண்ணீரிலும் ஒவ்வொரு மூன்று அணுக்களில் இரண்டு ஹைட்ரஜன். அந்த ஹைட்ரஜனின் அணுக்கரு, 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரபஞ்சம் பிறந்த முதல் நொடியிலேயே உண்டானது. கூட இருக்கும் ஆக்சிஜன் பின்னால் விண்மீன்களுக்குள் வெந்து வந்தது. தாமிரமும் அப்படியே, பெரிய விண்மீன்களுக்குள் உருவாகி அவை வெடிக்கும்போது சிதறியது. மார்கழித் திருவாதிரை அன்று நெல்லையப்பர் கோயில் தாமிர சபைக்கு முன்னால் நிற்கிறவர்களுக்கு ஒன்று: திருவாதிரை விண்மீனே என்றாவது அப்படி வெடிக்கப்போகிற ஒரு பெரிய விண்மீன்தான்.

இன்னும் ஒரு கணக்கு. பிரபஞ்சத்தில் உள்ள எல்லாவற்றையும் 100 படி நெல்லாக அளந்தால், இதுவரை நான் சொன்ன அனைத்தும் அதில் 5 படிதான். 27 படி, ஒளியே விடாத கரும்பொருள். 1970-களில் வானியலாளர் வேரா ரூபின், ஆண்ட்ரோமிடா போன்ற விண்மீன் திரள்களின் ஓரத்தில் உள்ளவையும் வேகம் குறையாமல் சுற்றுவதை அளந்து காட்டியபோதுதான், கண்ணுக்குத் தெரியாத எடை ஒன்று அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதைப் பலரும் ஏற்றுக்கொண்டார்கள். மீதி 68 படி கரும் ஆற்றல். பிரபஞ்சம் விரிகிற வேகம் கூடிக்கொண்டே போவதற்கு அதைக் காரணமாகச் சொல்கிறார்கள். இரண்டும் என்னவென்று இன்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. நம் பிள்ளைகளில் ஒருவர் கண்டுபிடிக்க இடம் இருக்கிறது.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வீட்டில் பிள்ளை இப்படி ஏதாவது கேட்டால், "புத்தகத்துல இருக்கறதப் படி" என்று அனுப்பிவிடாதீர்கள். தெரியாவிட்டால் அந்தப் பட்டறைக்கார அப்பாவைப் போலத் தெரியவில்லை என்று சொல்லுங்கள். கேள்வியை ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். எனக்கும் தெரியாவிட்டால் தேடிச் சொல்கிறேன்.

அப்புறம், வருகிற சனிக்கிழமை இரவு 7 மணியிலிருந்து 8.30 வரை பள்ளி மைதானத்தில் வானம் பார்க்கிறோம். கார்த்திகைக் கூட்டமும் சிவந்த திருவாதிரையும் நன்றாகத் தெரியும். திருவாதிரைக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களுக்குத் தெற்கே மங்கலாகப் புகை போல ஒன்று தெரியும். புது விண்மீன்கள் பிறக்கிற இடம் அது, ஒளிர்வது பெரும்பாலும் பிளாஸ்மாவாகிவிட்ட ஹைட்ரஜன். பள்ளியின் பைனாகுலரில் காட்டுகிறோம். தாத்தா பாட்டிகளையும் அழைத்து வாருங்கள். இந்த விண்மீன்களுக்கு அவர்கள் சொல்லும் பெயர்களை எழுதிவைத்துக்கொள்ள எனக்கு ஆசை. பனி இறங்கும், பிள்ளைகளுக்குக் காதை மூட ஒரு துண்டும் உட்காரப் பாயும் கொண்டுவாருங்கள். தெருவிளக்கை அந்த நேரம் மட்டும் அணைக்கக் கேட்டிருக்கிறோம். வெல்டிங் வெளிச்சத்தையும் சூரியனையும் வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது என்பதை மட்டும் வீட்டிலும் ஒருமுறை சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்