பல் ஸ்கேனைப் படிப்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இம்பிளான்ட் எனும் செயற்கைப் பல்வேரைப் பொருத்துவதற்கும் புதைந்த ஞானப்பல்லை அகற்றுவதற்கும் முன்பாக சி.பி.சி.டி. எனப்படும் கூம்புக்கற்றை ஸ்கேன், அதாவது தாடையின் முப்பரிமாண எக்ஸ்ரே, எடுப்பது வழக்கமாகிவிட்ட நிலையில், அதைப் படித்து அறிக்கை தருபவர் யார் என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் எழுவதே இல்லை.

ஒரு ஸ்கேனில் நூற்றுக்கணக்கான வெட்டுப் படங்கள் இருக்கும். பல் மருத்துவர் தமக்கு வேண்டிய பல்லையும், எலும்பின் உயரத்தையும், கீழ்த்தாடை நரம்பு செல்லும் பாதையையும் பார்க்கிறார், அது இயல்பே. ஆனால் படத்தின் பரப்பு பெரிதாக இருந்தால் சைனஸ் அறை, தாடை மூட்டு, மூச்சுப் பாதை, கழுத்தெலும்பு ஆகியவையும் பதிவாகின்றன; கழுத்துத் தமனியில் படிந்த சுண்ணாம்புகூடச் சில வேளைகளில் தெரியும்.

கீழ் முன்பற்களின் வேர்நுனியில் தெரியும் கருநிழலையே எடுத்துக்கொள்வோம். சீழ்க்கட்டி போலத் தோன்றும் அது, சிமென்டோ ஆசியஸ் டிஸ்பிளேசியா என்னும் தீங்கற்ற எலும்பு மாற்றத்தின் தொடக்க நிலையாகவும் இருக்கலாம். அப்போது பல்லின் நரம்பு உயிரோடுதான் இருக்கும். வேறுபாடு பிடிபடாவிட்டால், நோயில்லாத பல்லுக்கு ரூட் கனால் சிகிச்சை நடந்துவிடும். பல்லில் உள்ள உலோகத்தின் அருகே படத்தில் மட்டும் விழும் பொய்க்கோடு வேர் முறிவாகத் தெரிவதும் இப்படித்தான்.

அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் இத்தகைய படங்களைப் படித்து நோயறியும் வாய்-முகக் கதிரியலைத் தனிச் சிறப்புத் துறையாக 1999-இலேயே ஏற்றது. ஒவ்வொரு சிறு எக்ஸ்ரேக்கும் அத்துறை நிபுணர் வேண்டும் என்று நான் கூறவில்லை, அது காலவிரயம். முழுத் தாடை ஸ்கேன் எனில், படம் முழுவதையும் பார்த்து நிபுணர் கையொப்பமிட்ட அறிக்கை நோயாளியின் கைக்கு வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்