திருவருகைக் காலத்தைப் பறித்துவிடாதீர்கள்

பங்குப் பேரவையினருக்கும், பாடகர் குழுவினருக்கும், இளையோர் இயக்கத்தினருக்கும்,

இயேசுவுக்கே புகழ்!

டிசம்பர் பிறந்ததுமே கேரல் ரவுண்ட்ஸ், அதாவது வீடுவீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுவது, தொடங்கிவிடுகிறது. முதல் வாரத்திலேயே குடில் திறப்பு, கேக், கிறிஸ்துமஸ் விழா எல்லாம் முடிந்துவிடுகின்றன. அப்புறம் 26ஆம் தேதி காலையில் கோவில் வெறிச்சோடிக் கிடக்கிறது. இந்த வரிசையை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நவம்பர் 30, புனித அந்திரேயா விழாவை ஒட்டி வரும் ஞாயிறன்று, கிறிஸ்து பிறப்புக்கு நம்மைத் தயாரிக்கும் நான்கு ஞாயிறுகள் கொண்ட திருவருகைக் காலம் தொடங்குகிறது. அன்று வாசிக்கும் நற்செய்தியில் குழந்தை இயேசு இல்லை. மானிட மகன் மீண்டும் வருவார், விழிப்பாயிருங்கள் என்றுதான் கேட்கிறோம். அடுத்த இரண்டு ஞாயிறும் திருமுழுக்கு யோவானுக்கு உரியவை. அவர் பாலைநிலத்தில் நின்று மனம் மாறச் சொல்கிறார். மரியாவும் யோசேப்பும் நான்காம் ஞாயிறில்தான் வருகிறார்கள். பெத்லகேமில் பிறந்தவரை நினைப்பதும், இறுதியில் வரப்போகிறவருக்குக் காத்திருப்பதும் இக்காலத்தில் ஒன்றாகவே நடக்கின்றன. முதலிலேயே குடிலைத் திறந்துவிட்டால் இரண்டாவது மறந்தே போகிறது.

ஞாயிறு திருப்பலியில் வானவர் கீதத்தைத் திருச்சபை நிறுத்திவைப்பதும் காரணத்தோடுதான். வானதூதர்கள் இடையர்களுக்குப் பாடிய அந்தப் பாட்டு, கிறிஸ்து பிறப்பு இரவில் மணியோசையோடு திரும்பி வரவேண்டும். மூன்று வாரமாக அதே பொருளில் நாம் கேரல் பாடித் தீர்த்திருந்தால், அந்த இரவுக்கு என்ன மிச்சம் இருக்கும்?

பிள்ளைகளால் காத்திருக்க முடியாது என்கிறீர்கள். 1839இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில், ஏழைப் பிள்ளைகளை வளர்த்துவந்த லுத்தரன் போதகர் யோகான் ஹின்ரிஷ் விஹர்னிடம் கிறிஸ்துமஸ் எப்போது என்று பிள்ளைகள் நச்சரித்தார்களாம். அவர் விழாவை முன்னால் இழுக்கவில்லை. ஒரு மரச்சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை நட்டு, நாளுக்கொன்றாக ஏற்றவைத்தார். பீடத்தருகே நாம் வைக்கும் திருவருகை வளையத்தின் தொடக்கம் அதுதான். பிள்ளைகளை நம்புங்கள்.

கேரலை நிறுத்தச் சொல்லவில்லை. கிறிஸ்து பிறப்புக் காலம் ஜனவரியில் வரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீள்கிறது. அந்த நாட்களில் வீடுவீடாகப் போய்ப் பாடலாமே. டிசம்பரின் முதல் வாரங்களில் பாவமன்னிப்புக்கான ஒப்புரவு வழிபாடு, நோயாளிகளைச் சந்திப்பது, இல்லாதவர்களுக்கு அரிசியும் துணியும் சேர்ப்பது என்று வைத்துக்கொள்ளலாம். விழா அட்டவணை போடும் அடுத்த பேரவைக் கூட்டத்திலேயே இதைப் பேசிவிடுங்கள். மண்டபத்துக்கு முன்பணம் கட்டிய பிறகு தேதியை மாற்ற யாருக்கும் மனம் வராது.

அன்புடன்,
உங்கள் பங்கைச் சேர்ந்த ஒருவர்